ஒன்பதாம் வகுப்பு மாணவி இரண்டு வாரமாக வரவில்லை: வகுப்பாசிரியர் எதுவரை போகலாம்?

கேள்வி: தேன்கனிக்கோட்டை பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியராக இந்த ஆண்டுதான் சேர்ந்தேன். ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர் பொறுப்பும் என்னிடம்தான். ஒரு மாணவி இரண்டு வாரமாக வரவில்லை. அப்பா, அம்மா பெங்களூரில் கட்டட வேலை. இவள் பாட்டி வீட்டில் இருந்து படிக்கிறாள். கல்யாணம் பேசியிருப்பதாகப் பிள்ளைகள் குசுகுசுக்கிறார்கள். தலைமை ஆசிரியரோ, "ஊர் விவகாரம் நமக்கெதுக்கு, போர்ஷனை முடிங்க" என்கிறார். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு, கன்னடம் பேசுகிறவர்கள். வாய்பாடு தெரிந்தும் கணக்கு போட மாட்டேன் என்கிறார்கள். இதில் எது என் பொறுப்பு, எது இல்லை?
– ஒரு வாசகி

பதில்: டீச்சர், முதலில் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பேசிவிடுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

"உறுதியாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது?" என்று தயங்குவீர்கள். உறுதி செய்வது அவர்கள் வேலை. சந்தேகம் இருக்கிறது என்று சொன்னாலே போதும். கட்டணம் கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், சொன்னவர் பெயரை வெளியே விட மாட்டார்கள். மாணவியின் பெயர், பிறந்த தேதி, பாட்டி வீட்டு முகவரி, பெற்றோரின் போன் நம்பர், கல்யாணத் தேதியோ இடமோ காதில் விழுந்திருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும்.

பிறந்த தேதியைச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்தே சொல்லுங்கள். அதிகாரிகள் போய் நின்றதும் வீட்டார் சொல்லும் முதல் வார்த்தை "பொண்ணுக்குப் பதினெட்டு முடிஞ்சிடுச்சு" என்பதுதான். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் வயதை முடிவுசெய்ய முதலில் கேட்பதில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றும் ஒன்று. அதைக் கொடுக்க வேண்டியவர் தலைமை ஆசிரியர். ஆகவே இது ஊர் விவகாரம் மட்டுமல்ல, அவர் கையெழுத்தும் தேவைப்படும் விவகாரம்.

கல்யாணப் பேச்சு காதில் விழுந்த பிறகு, தகவல் சொல்லாமல் நேராக அந்த வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள். நல்லெண்ணத்தோடு பலர் செய்வது இதுதான். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. டீச்சர் வந்துவிட்டுப் போன மறுநாளே தேதி முன்னால் வரும், அல்லது கர்நாடக எல்லை தாண்டி ஏதாவது கோயிலில் தாலி ஏறிவிடும். உங்கள் ஊரிலிருந்து எல்லை எவ்வளவு தூரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் மாவட்டச் சமூக நல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலரும். 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி நீதித்துறை நடுவரிடம் தடையாணை வாங்க முடியும். நடத்தி வைப்பவர்களுக்கும், அனுமதிக்கும் பெற்றோருக்கும் 2 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு (அனுமதித்ததற்காகப் பெண்களுக்குச் சிறை மட்டும் கிடையாது). கல்யாணம் முடிந்து பெண் கணவன் வீட்டில் வாழ்கிறாள் என்று தெரியவந்தால் விஷயம், பாலியல் குற்றங்களிலிருந்து சிறாரைக் காக்கும் போக்சோ சட்டத்துக்குள் வந்துவிடும். அப்போது காவல் துறைக்குச் சொல்வது விருப்பம் அல்ல, கடமை. தெரிந்தும் சொல்லாதவருக்கு 6 மாதம் வரை சிறை உண்டு. தலைமை ஆசிரியரிடம் இதை வாதமாகச் சொல்லாதீர்கள். "இன்ன தேதியிலிருந்து இன்ன மாணவி வரவில்லை, காரணம் இப்படிக் கேள்விப்படுகிறேன்" என்று நாலு வரி எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளூர் நெருக்கடி அவருக்கும் இருக்கும். காகிதம் வந்துவிட்டால் அதையே காட்டி அவரும் தப்பித்துக்கொள்ளலாம்.

கல்யாணம் இல்லை, பெற்றோரோடு பெங்களூரு போய்விட்டாள், இல்லை ஓசூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறாள் என்று தெரிந்தால் அப்போது வீட்டுக்குப் போகலாம். தனியாக வேண்டாம், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் பெற்றோரில் ஒருவர்தான், அவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். பாட்டியிடம் அறிவுரையை விட அரசு விடுதியைப் பற்றிப் பேசுவது பலிக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்துக் கல்லூரி போனால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்பதையும் சொல்லுங்கள். அதற்கு நடுவில் அவள் பெயரை நீக்கவோ, அவசரப்பட்டு டி.சி. கொடுக்கவோ கூடாது. எண்ணிக்கை குறையக் கூடாதென்று வராதவளுக்கு 'வருகை' போடுவது அதைவிட மோசம்.

உங்கள் எல்லை இதோடு முடிகிறது. கல்யாணத்தைப் போய் நிறுத்துவதும், பெண்ணை உங்கள் வீட்டில் தங்க வைப்பதும் உங்கள் வேலை அல்ல. ஆனால் வருகையைக் கவனிப்பது முழுக்க உங்கள் வேலை. கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்லும்போது, பாடத்தை முடிப்பதோடு பிள்ளையின் வருகையைப் பெற்றோரிடம் பேசுவதையும் சேர்த்தே சொல்கிறது. அந்தச் சட்டம் 14 வயது வரைதான். ஒன்பதாம் வகுப்புக்கு அளவுகோலாக வைத்துக்கொள்வதில் தப்பில்லை. இனி மூன்றாம் நாளே போன் போட்டுவிடுங்கள்.

கணக்கு விஷயம். தளி, அஞ்செட்டி பக்கமெல்லாம் இதே கதைதான். பிள்ளைகள் தடுக்குவது கணக்கில் அல்ல, கேள்வியின் தமிழில். 'எனில்', 'நிறுவுக', 'சரிபார்க்க' என்று வினாத்தாளில் திரும்பத் திரும்ப வருபவற்றை ஒரு சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வாக்கியக் கணக்கு ஒன்றைப் பலகையில் எழுதி, ஒரு பிள்ளையைத் தெலுங்கில் பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லச் சொல்லுங்கள். அவன் தமிழில் திருப்பிச் சொன்ன பிறகுதான் நோட்டைத் திறக்க வேண்டும். வகுப்பில் வீட்டு மொழி பேசினால் தமிழ் கெட்டுவிடும் என்று சக ஆசிரியர்கள் யாராவது முணுமுணுப்பார்கள். காலாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்தும்போது விடை எழுதாமல் விட்ட கேள்விகள் எத்தனை என்று எண்ணி வைத்து, அரையாண்டுத் தாள்களோடு சேர்த்து அவர்களிடமே காட்டுங்கள்.