சின்ன வயசுலயே போர்ல செத்துப்போன, வெளிய அதிகம் தெரியாத கலைஞர் யாரையாவது சொல்ல முடியுமா?

எனக்கு உடனே ஞாபகம் வர்றது எஃப்.எஸ்.கெல்லி தாங்க. ஃப்ரெடரிக் செப்டிமஸ் கெல்லி, 1881ல சிட்னில பொறந்தவர், ஈட்டன், ஆக்ஸ்ஃபோர்டுன்னு இங்கிலாந்துல படிச்சார். நெட்ல தேடினா பெரிய துடுப்புப் படகு வீரர், 1908 லண்டன் ஒலிம்பிக்ல தங்கம் வாங்கின டீம்ல இருந்தவர்னு வரும், இல்லன்னா கவிஞர் ரூபர்ட் புரூக்கோட ஃப்ரெண்டுன்னு ஒரே வரில முடிச்சிடுவாங்க. ஆனா மனுஷன் உசிரா நெனச்சது இசையத்தான், அதுக்காகவே ஜெர்மனில ஃப்ராங்க்ஃபர்ட் போய் பியானோவும் கம்போசிங்கும் வருஷக்கணக்கா கத்துக்கிட்டார்.

முதல் உலகப்போர் வந்ததும் பிரிட்டனோட ராயல் நேவல் டிவிஷன்ங்கற படைப்பிரிவுல சேந்தார், ஹூட் பட்டாலியன், புரூக்கும் அதுலதான். துருக்கில இருக்கிற கலிப்போலி போர்முனைக்கு கப்பல்ல போற வழியிலயே கொசுக்கடி செப்டிக் ஆகி 1915 ஏப்ரல் 23ம் தேதி புரூக் போய்ச் சேந்துட்டார். அன்னிக்கு ராத்திரியே கிரீஸோட ஸ்கைரோஸ் தீவுல ஒரு ஆலிவ் தோப்புல பொதைச்சாங்க, கூட நின்னவங்கள்ல கெல்லியும் ஒருத்தர், மறுநாள் காலைல கப்பல் கெளம்பிடுச்சு, உக்காந்து அழக்கூட நேரமில்ல.

அந்த ராத்திரியத்தான் கெல்லி 'எலெஜி'யா, அதாவது இரங்கல் இசையா எழுதினார். வயலின், செல்லோ மாதிரி நரம்பு வாத்தியங்களும் நம்ம யாழ் மாதிரி ஒரு ஹார்ப்பும், அவ்ளோதான், ராணுவ டிரம்ஸ் கிடையாது, டிரம்பெட் கிடையாது. நடுவுல வயலின்கள் மெல்ல சலசலக்கும் பாருங்க, அது கல்லறை மேல சாஞ்சு நின்ன ஆலிவ் மரம், அவரே டைரில எழுதி வெச்சிருக்கார். கலிப்போலில ஆரம்பிச்சு, கால்ல அடிபட்டு அலெக்சாண்ட்ரியால தேறிட்டிருந்தப்ப முடிச்சார். குண்டு விழற எடத்துல இருந்துட்டு இவ்ளோ நிதானமா ஒருத்தரால எப்படி எழுத முடிஞ்சுதுன்னு எனக்கு இன்னும் பிடிபடல.

திரும்பவும் அதே கலிப்போலிக்குப் போனார், வீரப் பதக்கமும் வாங்கினார். அப்புறம் ஃபிரான்ஸ், சோம் போர். 1916 நவம்பர் 13, போக்கூர் கிராமத்துக்கிட்ட ஜெர்மன்காரங்க மெஷின் கன் நிலையைப் பிடிக்க ஆளுங்களோட முன்னாடி ஓடினப்ப சுட்டுட்டாங்க. வயசு 35.

நண்பனுக்கு அவ்ளோ பெரிய அஞ்சலி எழுதினவரோட மத்த இசையை ரொம்ப காலம் யாரும் சீண்டல, அதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு. இப்ப ஆஸ்திரேலியால சிலர் தேடி எடுத்து வாசிச்சு ரெக்கார்ட் பண்ணியிருக்காங்க. யூடியூப்ல எலெஜி கெடைக்குது, ஹெட்போன் போட்டு முழுசா கேளுங்க, அது பிடிச்சுதுன்னா கலிப்போலில இருந்தப்ப அவர் எழுதின வயலின் சொனாட்டாவையும் விட்றாதீங்க.