ஜெர்மன் மொழியின் 'புளூட்டன்பிளாட்' எல்லா இடங்களிலும் ஆங்கிலத்தின் 'பெட்டல்' ஆகுமா?

ஆகாது. ஜெர்மன் தாவரவியல் நூலொன்றை ஆங்கிலத்தில் பெயர்த்துவரும் நீங்கள், மலர் உறுப்புகளின் பெயர்களை அகராதியைக் கொண்டே மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவ்வகை மொழிபெயர்ப்பில் சில ஆண்டுகள் உழைத்தவன் என்ற முறையில், முதலில் செடியைப் பாருங்கள், அகராதியைப் பிறகு திறக்கலாம் என்பேன்.

'பிளாட்' என்றால் இலை. புல்லி இதழைக் கிண்ண இலை என்ற பொருளில் 'கெல்ஷ்பிளாட்' என்றும், அல்லி இதழை மகுட இலை என்ற பொருளில் 'குரோன்பிளாட்' என்றும், மகரந்தத்தாளைத் துகள் இலையாக 'ஷ்டௌப்பிளாட்' என்றும், சூலக இலையைக் கனி இலையாக 'ஃபுருக்ட்பிளாட்' என்றும் ஜெர்மானியர் சொல்கின்றனர். மலரின் உறுப்புகள் இலையின் உருமாற்றங்களே என்று கவிஞர் கோத்தே 1790-இல் எழுதிய கருத்தை இப்பெயர்களிலேயே படித்துவிடலாம். ஆங்கிலத்தின் செப்பல், பெட்டல், ஸ்டேமன், கார்ப்பெல் ஆகியவற்றில் அந்த உறவு மறைந்துவிடுகிறது. எனக்கு அது இழப்பாகவே படுகிறது. ஆயினும் ஆங்கில வாசகருக்குப் பழகிய சொற்கள் இவையே என்பதால் வேறு வழியில்லை.

மலர் இலை என்ற பொருள் தரும் 'புளூட்டன்பிளாட்' என்பதோ பொதுச்சொல். ரோஜாவைப் பற்றிய பத்தியில் வந்தால் பெட்டல் என்று தயங்காமல் எழுதலாம். டியூலிப்பைப் பற்றிய பத்தியில் நானும் அப்படியே எழுதி, 'ஆறு பெட்டல்கள்' என்ற பிழையோடு கைப்பிரதியை அனுப்பிவிட்டேன். டியூலிப்பில் புல்லிவட்டம், அல்லிவட்டம் என்ற வேறுபாடு இல்லை. ஆறும் ஒரே வகைப் பூவிதழ்கள். அவற்றுக்குரிய துல்லியமான ஜெர்மன் சொல் 'பெரிகோன்பிளாட்', ஆங்கிலச் சொல் 'டெப்பல்'. பெட்டல் என்பதன் எழுத்துகளை இடம்மாற்றி 1827-இல் தாவரவியலாளர் டி கன்டோல் உருவாக்கிய சொல் அது.

இதைவிடப் பெரிய குழப்பம் சூலகத்தில் நேர்கிறது. 'ஃபுருக்ட்பிளாட்' என்பது கார்ப்பெல்; கனி முடிச்சு என்று பொருள்படும் 'ஃபுருக்ட்க்னோட்டன்' என்பது ஓவரி, அதாவது சூற்பை. லில்லியில் மூன்று சூலக இலைகள் இணைந்து ஒரே சூற்பை உண்டாவதால், இவ்விரு சொற்களையும் கலந்துவிட்டால் ஒரு மலருக்கு மூன்று சூற்பைகள் முளைத்துவிடும். அந்தச் சூற்பையை 'ஓபர்ஷ்டெண்டிஷ்' என்று நூல் சொன்னால், மேலே நிற்பது என்று சொல்லுக்குச் சொல் எழுதாமல் மற்ற மலர் உறுப்புகள் இணையும் இடத்துக்கு மேலே அமைந்த சூற்பையைக் குறிக்கும் 'சுப்பீரியர்' என்ற கலைச்சொல்லை இடவேண்டும். சூல்தண்டைக் குறிக்கும் 'கிரிஃபெல்' மட்டும் மனத்துக்கு நிறைவு தருவது: அதற்கும் எழுத்தாணி என்று பொருள், ஆங்கிலத்தின் 'ஸ்டைல்' என்பதற்கு மூலமான லத்தீன் சொல்லுக்கும் அதே பொருள்.

புற்களில் இன்னும் கவனம் தேவை. 'ஷ்பெல்ட்சே' என்பதற்கு அகராதி உமி என்று பொருள் தந்தாலும், 'ஹியூல்ஷ்பெல்ட்சே' குளூம், 'டெக்ஷ்பெல்ட்சே' லெம்மா, 'ஃபோர்ஷ்பெல்ட்சே' பேலியா என மூன்றும் தனித்தனி உறுப்புகள்.

உங்கள் நூலாசிரியர் செப்பாலன், பெட்டாலன், டெப்பாலன் என்ற லத்தீன் வழிச் சொற்களை எங்கேனும் ஆண்டிருக்கிறாரா என்று தேடுங்கள். ஆண்டிருந்தால் முடிவை அவரே எடுத்துத் தந்துவிட்டார். இல்லையெனில் அந்தச் செடியின் மலர்ப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இதழ் வட்டங்கள் ஒரே வகையா இரு வகையா என்று பார்த்த பிறகே சொல்லைத் தேர்ந்தெடுங்கள்.