200 பேர் பிடித்தும் நிற்காத கப்பல்

வணக்கம் சார்,

ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் பற்றிய பதிவில், 'பிரெஞ்சு ராணுவத்தின் பாத்ரி என்ற ஆகாயக் கப்பலை 200 சிப்பாய்கள் பிடித்தும் நிற்காமல் ஆளில்லாமலே பறந்து போய்விட்டது' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவ்வளவு பெரிய தேரையே வடம் பிடித்து இழுக்கிறோம், ஒரு காற்றடைத்த பையை நிறுத்த முடியாதா? வாயுவைத் திறந்துவிட்டிருந்தால் சுருங்கி விழுந்திருக்குமே? கடைசியில் அது எங்கேதான் போனது?

கே., திருவாரூர்

அன்புள்ள கே.,

திருவாரூர்க்காரர் தேரை இழுக்காமல் இருப்பீர்களா! சரி, அங்கிருந்தே தொடங்குகிறேன். தேரோட்டத்தில் நான் வேடிக்கை பார்ப்பது வடம் பிடிப்பவர்களை அல்ல, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களை. ஒரு கட்டையைச் சரியான இடத்தில் செருகினால் அத்தனை பெரிய தேர் நிற்கிறது, காரணம் தேரின் எடைதான். பாத்ரியில் அந்த எடைதான் கிடையாது. எடையே தெரியக் கூடாது என்பதற்காகவே செய்யப்பட்ட பொருள் அது, அதற்கு எங்கே போய் முட்டுக்கட்டை போடுவது?

சர்க்கரை ஆலை முதலாளிகளான லெபோதி சகோதரர்களுக்காக ஜூலியோ என்ற பொறியாளர் வடிவமைத்த ஆகாயக் கப்பல் அது, 1906இல் தயாரானது. நீளம் 60 மீட்டர், நடுவில் சுமார் 10 மீட்டர் பருமன், உள்ளே 3000 கன மீட்டருக்கு மேல் ஹைட்ரஜன். ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் ஏறக்குறைய 1.1 கிலோவைத் தூக்கும், ஆக மொத்தம் மூன்று டன்னுக்கு மேல். நல்ல நாளில் மணிக்கு 45 கி.மீ. வேகம். 1907 ஜூலையில் பிரதமர் கிளெமான்சோவே ஏறிப் பறந்து பார்த்தார். அவ்வளவு செல்லம். அந்த நவம்பர் 23ஆம் தேதி பாரிஸ் பக்கத்து மெதோனிலிருந்து ஜெர்மன் எல்லையோரக் கோட்டை நகரமான வெர்தனுக்குச் சுமார் 240 கி.மீ. தூரத்தை ஏழு மணி நேரத்துக்குள் பறந்து போய்ச் சேர்ந்தது. எல்லைக்கு அப்பால் நடப்பதைப் பார்க்க ஒரு கண் வேண்டும், அதற்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

ஆறு நாள்தான். 29ஆம் தேதி பறக்கும்போது இயந்திரம் பழுதாகி, காற்றோடு நகர்ந்து, வெர்தனுக்கு 14 கி.மீ. தள்ளி சூயெம் என்ற கிராமத்துப் பக்கம் இறக்கினார்கள். ஒருவருக்கும் அடியில்லை, கப்பலும் முழுசாக இருந்தது. அங்கேயே பழுது பார்த்துவிடலாம் என்று திறந்த வெளியில் கட்டிப்போட்டார்கள். என்னைக் கேட்டால் பாத்ரி தொலைந்தது அப்போதுதான், மறுநாள் ராத்திரி நடந்தது அதன் பாக்கி. மேலே பறக்கும்போது ஆகாயக் கப்பலுக்குக் காற்று பெரிய பிரச்சினை இல்லை, அதுவும் காற்றோடு சேர்ந்து நகர்ந்துவிடும். தரையில் கட்டி வைத்தால்தான் ஒவ்வொரு வீச்சையும் விலாவில் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும், அதனால் அதற்குக் கொட்டகை என்பது வசதி இல்லை, உயிர்.

இப்போது உங்கள் 200 பேர். மணிக்கு 70 கி.மீ. காற்று என்று பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது அந்த விலாவில் தள்ளும் விசை ஐந்தாறு டன் வரும். ஆளுக்கு முப்பது கிலோவுக்குள்தானே, பிடிக்கலாமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் காற்று ஒரே சீராக வீசாது, வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. போதாததற்கு அது பக்கவாட்டில் மட்டும் இழுக்கவில்லை, மேலேயும் தூக்குகிறது. கால் தரையில் இருக்கும் வரைதான் ஒருவனால் பிடிக்க முடியும். சின்ன வயதில் எங்கள் மாடியில் காயவைத்த மிளகாய் நனையாமல் இருக்க மூன்று பேர் தார்ப்பாயைப் பிடித்தோம். மழைக்கு முந்தின காற்றில் என் மாமாவின் குதிகால் தரையை விட்டது, அவர் பயந்து கையை விட்டார், அடுத்த நொடி மூன்று பேர் பாரமும் என் பக்கத்து மூலைக்கு வந்து என் விரல்களை உரித்துக்கொண்டு போனது. இருட்டில், நவம்பர் குளிரில், அறுபது மீட்டர் தார்ப்பாயை நினைத்துப் பாருங்கள்.

30ஆம் தேதி இரவு சுமார் எட்டு மணிக்குக் கட்டுகள் பிய்ந்தன. சிப்பாய்களாலும் முடியவில்லை. நல்லவேளை, கப்பலில் ஆள் யாரும் இல்லை.

வாயுவைத் திறந்துவிடுவது பற்றிக் கேட்டது நியாயம். அவசரத்துக்குப் பையின் ஒரு பகுதியைச் சட்டென்று கிழித்துவிட ஒரு கயிறு வைப்பது பலூன்காரர்களின் பழைய வழக்கம். ஆனால் கிழித்தால் 3000 கன மீட்டரும் போச்சு, அந்தக் காலத்தில் ஹைட்ரஜன் என்பது இரும்பையும் கந்தக அமிலத்தையும் வைத்து மெனக்கெட்டுத் தயாரிக்கும் சரக்கு. பழுது பார்த்துப் பறந்தே திரும்பிவிடலாம் என்று நினைப்பவனுக்கு அதைக் கொட்ட மனம் வராது. முதல் நாளே காலி செய்திருக்க வேண்டும் என்பது என் கட்சி, நூறு வருஷம் கழித்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன் என்பதும் தெரியும்.

அப்புறம் போன இடம். பாத்ரி என்றால் பிரெஞ்சில் தாய்நாடு. அந்தத் தாய்நாடு ராத்திரியோடு ராத்திரியாக பிரான்ஸை விட்டு, ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி, மறுநாள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மேலே தென்பட்டது. அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் பக்கத்து ஹாலிவுட்டில் (சினிமா ஊர் இல்லை, இது வேறு) தரையில் இடித்து, சில இயந்திரப் பாகங்களை உதிர்த்தது. பாரம் குறைந்தால் என்ன ஆகும்? மறுபடியும் ஏறிவிட்டது. அதுவரையிலேயே ஏறக்குறைய 1000 கி.மீ., ஆட்களோடு வெர்தனுக்கு வந்ததைப் போல நான்கு மடங்கு. ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகள் பக்கம் ஒரு நீராவிக் கப்பலில் இருந்தவர்கள் பார்த்ததுதான் கடைசி. அதற்கு அப்பால் அட்லாண்டிக்.

வெர்தனில் பாத்ரிக்கென்று இருந்த கொட்டகை ரொம்ப நாள் காலியாக இருக்கவில்லை. தொழிலதிபர் தாய்ச் தெ லா மேர்த் தன் சொந்தக் கப்பலான 'வில் தெ பாரி'யை ராணுவத்துக்குக் கொடுத்தார், 1908 ஜனவரியில் அது அங்கே போய்ச் சேர்ந்தது. லெபோதிகளின் அடுத்த கப்பல் 'ரெபுப்ளிக்' 1909 செப்டம்பர் 25 அன்று பறக்கும்போதே அதன் விசிறி இலை ஒன்று முறிந்து பையைக் கிழித்து விழுந்தது. அதில் நான்கு பேர் இருந்தார்கள், நால்வரும் இறந்தார்கள்.