பட்டாவுக்கு பவர் ஏத்தலாமோ?

கேள்வி: என்னட்ட பழைய டிமோ பட்டா சின்ன லொறி ஒண்டு நிக்குது, ரெண்டு சிலிண்டர் டீசல். மல்லாவியில இருந்து நெல்லு, மரக்கறி எல்லாம் வவுனியாவுக்கு ஏத்துறன். இப்ப முந்தி மாதிரி இழுவை இல்லை, லோட் ஏத்தினா கறுப்புப் புகையும் தள்ளுது. ஒரு ஆள் பம்பை கூட்டி, அதாவது டீசலை கூட அடிக்க வச்சு, சிப் ஒண்டும் போட்டா பவர் வருமெண்டுறார், இன்னொராள் டேர்போ போடலாமாம். கனக்க செலவழிக்க ஏலாது. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, முதல்ல அந்த சிப் கதையை முடிச்சுப்போடுவம். உங்கட வாகனத்துக்கு டீசல் அடிக்கிறது மெக்கானிக்கல் பம்ப், அதில கொம்பியூட்டரே இல்லை. கொம்பியூட்டர் இல்லாத எஞ்சினில சிப்பை எங்க கொழுவப்போறார் எண்டு அவரிட்டயே கேளுங்கோ. டீசல் பைப்பில கட்டுற காந்தம், டாங்கில ஊத்துற போத்தல் மருந்து இதெல்லாம் அதே சாதி வியாபாரம்தான். காசு வாங்கினவருக்குத்தான் பவர் ஏறும்.

டேர்போ, எஞ்சினுக்குள்ள காத்தை அமத்தி அனுப்புற சாமான், அது எண்டா போடலாம், ஆனா போடக்கூடாது. அதுக்கு ஒயில் லைன் இழுக்கவேணும், எஞ்சினில இருந்து புகை வெளிய வாற மனிஃபோல்ட் குழாயை மாத்தவேணும், சூடு கூடும், கூடுற சூட்டை தாங்குற மாதிரி செய்த எஞ்சின் இல்லை அது. முடிக்கேக்க வாகனத்தின்ர விலையில ஒரு பங்கு போயிருக்கும்.

உங்கட எஞ்சின் 702 சிசி, புதுசில 16 குதிரைவலு, கொம்பனி சொன்ன பாரம் ஏறக்குறைய 750 கிலோ. இப்ப நீங்கள் எத்தினை மூட்டை ஏத்துறீங்கள் எண்டு எழுதேல்லை, அதில இருந்தே எனக்கு விளங்குது. மூட்டை 70 கிலோ எண்டு வச்சா பத்து மூட்டையோட கணக்கு முடிஞ்சுது, எங்கட ஆக்கள் இருவதை அடுக்கி அதுக்கு மேல ரெண்டு பேரையும் ஏத்திப்போட்டு இழுவை காணாது எண்டுவினம். வன்னியில மலையும் இல்லை மேடும் இல்லை, ஒரு குளக்கட்டு ஏறுறதுதான் ஏற்றம், ஏ9 ரோட்டும் இந்தப் பக்கம் சமதரைதான். அளவான லோட்டோட இந்த ரோட்டில இழுக்காட்டி எஞ்சினுக்கு பவர் பத்தேல்லை எண்டு அர்த்தமில்லை, இருந்த பவரில கொஞ்சம் எங்கயோ போட்டுது. அதைத் தேடிப்பிடிக்கிறதுதான் மலிவான வேலை.

கறுப்புப் புகை எண்டா உள்ள போற டீசலுக்கு காத்து காணேல்லை. அடுப்புக்குள்ள விறகை அடைஞ்சு வச்சா எரியாமல் புகையுமே, அதுதான். இந்த நேரத்தில பம்பை கூட்டினா இன்னும் விறகு அடையிற வேலை. புகை கூடும், சூடு கூடும், ஹெட் கஸ்கற் போகும், பிஸ்ரனும் போகலாம். முதல் ரெண்டு கிழமை கொஞ்சம் பாயுற மாதிரித்தான் இருக்கும், அந்த ரெண்டு கிழமையை காட்டித்தான் காசு வாங்குறாங்கள்.

ஆனபடியா எயார் பில்ரரில தொடங்குங்கோ. துணுக்காய் பக்கத்து கிரவல் ரோட்டு புழுதிக்கு புத்தகத்தில போட்ட கிலோமீற்றர் கணக்கு சரிவராது, அதுக்கு முந்தியே அடைச்சுப்போடும். காத்து அடிக்கிறதெண்டா உள்ளுக்க இருந்து வெளிய, மெதுவா அடிக்கவேணும். வெளியில இருந்து முழு பிறசரில அடிச்சு பேப்பரை கிழிச்ச பில்ரரை திரும்ப போடுறதை விட போடாமலே ஓடலாம், ரெண்டும் ஒண்டுதான். பில்ரரில இருந்து எஞ்சினுக்கு போற றபர் பைப் வெடிச்சிருக்கோ எண்டும் தடவிப் பாருங்கோ, அதுக்கால புழுதி போனா பிஸ்ரன் ரிங்ஸ் தேய்ஞ்சு ஒயில் எரிஞ்சு நீலப்புகை தொடங்கும், அதுக்குப் பிறகு மலிவான வழி இல்லை.

அடுத்தது டீசல் பில்ரர். 2022 இல எரிபொருள் தட்டுப்பாட்டில கியூ.ஆர் கோட்டோட வரிசையில நிண்ட காலத்தில பரல் வழிய அடிச்சு வச்ச பழக்கம் இன்னும் சில இடத்தில போகேல்லை. அதில தண்ணி நிக்கும், மண்ணெண்ணெய் கலந்திருந்தா பம்புக்குள்ள வழுவழுப்பு இல்லாமல் தேயும். யுத்தகாலப் பொருளாதாரத் தடைக்குள்ள மண்ணெண்ணெயில மோட்டசைக்கிள் ஓடின ஆக்கள் நாங்கள், ஆனா அது பெற்றோல் எஞ்சின் தம்பி.

பிறகு எஞ்சினுக்குள்ள டீசலை தூவுற நொசில் ரெண்டையும் கழட்டி ரெஸ்ரரில போட்டுப் பாக்கச் சொல்லுங்கோ, பக்கத்தில நிண்டு பாருங்கோ. பூப்போல தூவவேணும், சொட்டினா செற் பண்ணவேணும் இல்லாட்டி மாத்தவேணும். டெப்பற்றையும், வால்வ் இடைவெளியைத்தான் சொல்லுறன், அதோட பாத்துவிடலாம். நாலு சில்லையும் தூக்கி கையால சுத்திப் பாருங்கோ, பிறேக் பிடிச்சுக்கொண்டு நிண்டா எஞ்சினை குறை சொல்லி என்ன. வடிவுக்கு பெரிய ரயர் போட்டிருந்தா பழைய சைசுக்கு வாங்கோ, ரயர் பெருத்தா இழுவை குறையும்.

டீசலை கூட்டிக் குறைக்கிற பம்ப் ஸ்குறூவை தொடாதீங்கோ எண்டுறன், ஒரேயொரு இடம் விலக்கு. 2008 இல இருந்து புகைப் பரிசோதனை கட்டாயம், அது இல்லாமல் வருச வரிப்பத்திரம் எடுக்கேலாது. அதால கனபேர் சோதிக்கிற அண்டைக்கு பம்பை குறைச்சு, மற்றநாள் கூட்டி விடுறாங்கள். வருசத்தில ஒரு நாள் மட்டும் சுத்தமான வாகனம், மிச்ச நாள் பின்னால வாற பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர மூஞ்சையில கரி, இதை ஒரு திட்டமெண்டு நடத்தினம். சரி, அதை விடுவம். குறைச்சதை திரும்ப கூட்ட மறந்த பம்புகளும் கிடக்கு. லோட்டோட முழுசா மிதிச்சாலும் மருந்துக்கும் புகை வராது, பில்ரர் புதுசு, நொசில் நல்லம், ஆனா இழுக்காது எண்டா அப்பிடி இருக்கலாம். அப்பவும் உடனே ஸ்குறூவுக்கு போகாமல், இன்னொராள் பெடலை முழுசா மிதிக்க நீங்கள் சீற்றைத் தூக்கி பம்பில உள்ள லீவர் கடைசி மட்டும் வருதோ பாருங்கோ. கேபிள் இழுபட்டு லீவர் அரைவாசியில நிண்டா கேபிளை இறுக்கினா சரி, அதுக்கு காசே இல்லை. லீவர் முழுசா வந்தும் இழுக்காட்டித்தான் பம்பை கழட்டி மெசினில வச்சு அளந்து செற் பண்ணுற இடத்துக்கு குடுக்கவேணும். ரோட்டோரம் காது குடுத்துக் கேட்டு ஸ்குறூ திருப்புற ஆளிட்ட இல்லை. உங்களுக்கு கறுப்புப் புகை வருது, அதால இந்த விலக்கு உங்களுக்கு இல்லை.

இன்னும் ஒண்டு, றீகண்டிசன் எஞ்சின் வாங்கித்தாறன் எண்டு ஒரு புரோக்கர் கட்டாயம் வருவான். எஞ்சின் மாத்தினா வாகனப் புத்தகத்தில எஞ்சின் நம்பரும் மாறவேணும், அந்த அலைச்சலை அவன் சொல்லமாட்டான். நம்பர் மாறாமல் ஓடி அடிபட்டா இன்சூரன்ஸ்காரனோட நீங்கள்தான் நிண்டு மல்லுக்கட்டவேணும், அவன்ர போன் அப்ப வேலை செய்யாது.

இவ்வளவும் பாத்தும் இழுக்காட்டி கொம்பிறசன், அதாவது சிலிண்டருக்குள்ள காத்து எவ்வளவு அமத்துது எண்டு, அடிச்சுப் பாக்கச் சொல்லுங்கோ. குறைவா காட்டினா எஞ்சின் வேலைதான், அதுக்கு முதல் விலையை எழுதி வாங்குங்கோ, கழட்டின பழைய சாமான் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு உங்கட கையில தரவேணும் எண்டும் சொல்லிப்போடுங்கோ.