திங்கள் இரவுக் காய்ச்சல்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு வணக்கம்.

என் பெயர் ஹெஃபஸ்டஸ். கிரேக்க நாட்டில் பிரேயஸ் துறைமுகத்துக்கு மேற்கே பெராமா என்றோர் ஊர். அங்கே கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வெல்டராக இருக்கிறேன். 3 வருடம் முன்பு வரை நெருப்புக்கும் கொல்லுலைக்கும் நான்தான் கடவுள். இப்போது மனிதன். டாக்டர் கணக்குப்படி இந்த உடம்புக்கு 50 வயது இருக்கும். இரண்டு காலும் கோணல். வலது கால் அதிகம்.

கடவுள்கள் வாழும் ஒலிம்பஸ் மலையிலிருந்து என்னை எறிந்தது இது மூன்றாவது தடவை. முதல் தடவை பெற்ற தாய் ஹேரா. நொண்டிப் பிள்ளை என்று வெட்கப்பட்டு எறிந்தாள். கடலில் விழுந்த என்னைக் கடல் தேவதைகள் தீட்டிஸும் யூரினோமியும் 9 வருடம் ஒரு குகையில் வைத்துக் காப்பாற்றினார்கள். இரண்டாவது தடவை அப்பா ஸீயஸ். அம்மாவுக்குப் பரிந்துகொண்டு போனேன் என்று காலைப் பிடித்து வீசினார். நாள் முழுக்க விழுந்துகொண்டே இருந்தேன். பொழுது சாயும்போது லெம்னோஸ் தீவில் வந்து விழுந்தேன். உடம்பில் உயிர் கொஞ்சம்தான் மிச்சம். அந்தத் தீவின் சிந்தியர்கள் பார்த்துக்கொண்டார்கள். அந்த இரண்டு தடவையும் எழுந்தபோது கடவுளாகவே எழுந்தேன். இந்தத் தடவை அப்படி இல்லை.

வாரத்தில் நான்கைந்து ராத்திரி ஒரே கனவு. விழுந்துகொண்டே இருக்கிறேன்; தரை வருவதே இல்லை. 3 மணிக்கு வேர்த்து விழித்துக்கொள்கிறேன், பிறகு தூக்கமில்லை. தூக்கம் வரட்டும் என்று படுக்கப்போகும்போது ஒரு கரஃபாக்கி சிப்புரோ, எங்கள் ஊர்த் திராட்சைச் சாராயம், குடிக்கிறேன். அந்தக் குடுவை 200 மில்லி பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி ஏதென்ஸில் திஸ்ஸியோ ஸ்டேஷனில் இறங்கி என் கோயிலைப் பார்க்கப் போவேன். 34 தூண்களையும் எண்ணிவிட்டுத் திரும்புவேன். திங்கட்கிழமை எங்களுக்கு எப்போதும் கப்பலின் பழைய ஜிஐ பைப்புகளை வெட்டி மாற்றும் வேலை. அதை முடித்துவிட்டு அறைக்கு வந்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் தூக்கிப்போடுகிறது. வாயில் காசைச் சப்பியது போல ருசி, உடம்பெல்லாம் வலி. செவ்வாய் சாயங்காலம் தானாகப் போய்விடுகிறது. கோயில் பக்கம் வராதே என்று அப்பா தண்டிக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

போன மாதம் ஒரு ஃபெர்ரியின் அடித்தகட்டில் நான் போட்ட இரண்டு ஜாயின்ட் எக்ஸ்ரேயில் தேறவில்லை. ஃபிலிம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். ட்ராய்ப் போரின் வீரன் அக்கிலிஸுக்கு ஒரே ராத்திரியில் கேடயம் அடித்துக் கொடுத்த கை இது. அவசரப்படவும் இல்லை. காலையில் பிரித்து வைத்த 7018 ரக வெல்டிங் ராடு பெட்டியிலிருந்து ராடு எடுத்து, வெயில் தாழ்ந்த பிறகு நிதானமாகத்தான் போட்டேன். என் கை போய்விட்டது. 20 வயதுப் பையன் ஒருவன் 'மாஸ்தோரா, எனக்குச் சொல்லிக் கொடுங்கள்' என்று பின்னாலேயே வருகிறான். என்ன தகுதியில் சொல்லிக்கொடுப்பது? விரட்டிவிட்டேன்.

சாரத்தின் மேலே நிற்கும்போது, இன்னொரு தடவை விழுந்தால் இந்தத் தடவை முடிந்துவிடும் என்று தோன்றுகிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

இப்படிக்கு,
ஹெஃபஸ்டஸ், பெராமா

ஆலோசகரின் பதில்

அன்புள்ள ஹெஃபஸ்டஸ் அவர்களுக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். சாரத்தின் மேல் வருவது விழுந்துவிடுவோமோ என்ற பயமா, விழுந்தால் நல்லது என்ற ஆசையா? இதை உங்களிடம் நேராகவே கேட்கிறேன். ஆசைதான் என்றால், அது வாரம் ஒருமுறை வந்தாலும், கிரேக்கத்தில் 1018 என்ற தற்கொலைத் தடுப்பு எண்ணுக்கு இன்றே பேசுங்கள். அந்த நிமிடமே ஆபத்து என்றால் 112. பயம்தான் என்றாலும், ஒரு மனநல மருத்துவர் உங்களைப் பார்க்கும் வரை சாரம் ஏற வேண்டாம். ஃபோர்மனிடம் எல்லாக் கதையையும் சொல்ல வேண்டியதில்லை. 'ராத்திரி தூக்கமில்லை, சில வாரம் தரை வேலை கொடுங்கள்' என்றால் போதும். தூக்கமில்லாதவர் உயரத்தில் நிற்கக் கூடாது என்பது எந்தத் தளத்திலும் புரிகிற காரணம்.

அடுத்தது திங்கள் இரவுக் காய்ச்சல். அதில் உங்கள் அப்பாவுக்குச் சம்பந்தமில்லை. ஜிஐ பைப்பின் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. வெல்டிங் ஆர்க்கின் சூடு பட்டதும் அது வெள்ளைப் புகையாகக் கிளம்புகிறது. அதை மூச்சில் இழுத்தவருக்கு 4 மணி நேரத்திலிருந்து 10 மணி நேரத்துக்குள் குளிர், காய்ச்சல், உடம்பு வலி, வாயில் உலோக ருசி எல்லாம் வரும். 24 முதல் 48 மணி நேரத்தில் போய்விடும். உலோகப் புகைக் காய்ச்சல் என்று இதற்குப் பெயர். தினமும் அந்தப் புகையில் நிற்கும் உடம்பு சற்றுத் தாங்கப் பழகும். இரண்டு நாள் லீவில் அந்தப் பழக்கம் போய்விடும். அதனால்தான் திங்கட்கிழமை மோசமாக அடிக்கிறது. வெல்டர்கள் இதைத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே சொல்வதுண்டு. நீங்கள் ஞாயிறு முழுக்க வீட்டில் படுத்திருந்தாலும் இது வந்திருக்கும்.

வெல்டிங் விழும் இடத்துக்கு இரண்டு பக்கமும் 5 முதல் 10 செ.மீ. வரை பூச்சைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். தேய்க்கும்போதும் மாஸ்க் வேண்டும். புகை உறிஞ்சியின் வாயை ஆர்க்குக்குப் பக்கத்தில் வையுங்கள், முகத்தைப் புகைக்கு நேரே நீட்டாதீர்கள். தேய்த்து எடுத்த பிறகும் பி3 ஃபில்டர் மாட்டிய மாஸ்க் தேவை. துணி கட்டினால் இந்தப் புகை நிற்காது. காய்ச்சல் 2 நாளைத் தாண்டினாலோ மூச்சு வாங்கினாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கப்பலில் சில போல்ட்டுகளில் காட்மியப் பூச்சு இருக்கும். அதன் புகையும் முதலில் இதே போலத்தான் காட்டும், ஆனால் நுரையீரலைக் கெடுத்து ஆளைக் கொல்லக்கூடியது.

இவ்வளவு விரிவாக எழுத ஒரு காரணம் உண்டு. மனித உடம்பின் வலி உங்களுக்கு 3 வருடமாகத்தான் பழக்கம். அதனால் உடம்பு சொல்லும் ஒவ்வொன்றையும் மேலேயிருந்து வந்த தீர்ப்பாகப் படிக்கிறீர்கள். ஒரு சின்ன நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: என்ன நடந்தது; அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் என்ன வேலை, என்ன சாப்பாடு, எவ்வளவு தூக்கம்; பிறகு உங்களுக்கு என்ன தோன்றியது. 'அப்பா கோபமாக இருக்கிறார்' என்பது மூன்றாவது பத்தியில் மட்டும் வர வேண்டும். நடுப்பத்தியை நிரப்பாமல் மூன்றாவதற்குத் தாவாதீர்கள்.

எக்ஸ்ரேயில் தோற்ற அந்த இரண்டு ஜாயின்டையும் இதே நோட்டில் எழுதிப் பாருங்கள். பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 7018 ராடின் பூச்சு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். பிரித்த பெட்டியை வெளியே வைக்க வழக்கமான வரம்பு 4 மணி நேரம். நீங்கள் கடலோரத்தில் காலையில் பிரித்து வைத்துவிட்டு வெயில் தாழ்ந்த பிறகு எடுத்திருக்கிறீர்கள். ஈர ராடு போட்டால் ஃபிலிமில் புள்ளி விழும். புள்ளி விழாவிட்டாலும் உள்ளே புகுந்த ஹைட்ரஜன் ஒன்றிரண்டு நாள் கழித்து விரிசலாக வெளியே வரும். பிரித்த ராடை 120 டிகிரிக்கு மேல் இருக்கும் அடுப்பில் வைத்து, தேவைக்கு மட்டும் எடுங்கள். வெளியே அதிக நேரம் கிடந்ததை, தயாரிப்பாளர் சொல்லும் சூட்டில், 260 டிகிரிக்குக் குறையாமல், 2 மணி நேரம் மறுபடி சுட்டுத்தான் தொட வேண்டும். ஆர்க்கை நீளமாகப் பிடித்தாலும் புள்ளி வரும் என்பது உங்களுக்கே தெரியும். இந்த இரண்டையும் சரிசெய்து ஒரு சோதனைத் தகடு போட்டு எக்ஸ்ரே எடுங்கள். அதற்குப் பிறகும் புள்ளி விழுந்தால் கையைப் பற்றிப் பேசலாம்.

இனி கனவு. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நாள் முழுக்க விழுந்ததைச் சொல்லியிருக்கிறீர்கள், உயிர் கொஞ்சம்தான் மிச்சம் இருந்ததைச் சொல்லியிருக்கிறீர்கள். 'சிந்தியர்கள் பார்த்துக்கொண்டார்கள்' என்பதோடு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். கனவிலும் அதேதான் நடக்கிறது. தரை வருவதில்லை, அதனால் தரையில் காத்திருந்தவர்களும் வருவதில்லை.

பயக்கனவுக்கு நல்ல பலன் தரும் ஒரு பயிற்சி உண்டு. பகல் வெளிச்சத்தில், படுக்கையறைக்கு வெளியே உட்கார்ந்து, கனவை இப்போது நடப்பதுபோல எழுதுங்கள். பிறகு அதன் முடிவை மாற்றி மறுபடி எழுதுங்கள். பாதியில் இறக்கை முளைத்துத் திரும்பப் பறந்துபோவதாகவும் எழுதலாம். ஆனால் உங்களுக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். விழட்டும், தரை வரட்டும். லெம்னோஸ் மண் முதுகில் படட்டும். சிந்தியர்களை முரட்டுப் பேச்சுக்காரர்கள் என்கிறார் ஹோமர். அந்தப் புரியாத மொழியில் யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்கட்டும். ஒரு கை உங்கள் கழுத்துக்கடியில் போகிறது. தண்ணீர் வருகிறது. யார் கை, என்ன பாத்திரம், தண்ணீர் சில்லென்று இருந்ததா என்பதையெல்லாம் எழுதுங்கள். இந்தப் புதுக் கனவைத் தினமும் 10 முதல் 15 நிமிடம் கண்ணை மூடி மனதில் ஓட்டிப் பாருங்கள். பழையதைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டாம். கடலில் விழுகிற கனவும் வருமென்றால், அது லேசாக இருந்தால், அதில் தொடங்குங்கள். பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் வித்தியாசம் தெரியும். பயிற்சியில் படபடப்பு கூடிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டு, நேரில் ஒரு சிகிச்சையாளருடன் சேர்ந்து செய்யுங்கள்.

சிப்புரோ இருக்கும்வரை இந்தப் பயிற்சி பாதிதான் பலிக்கும். சுமார் 40 சதவீதச் சரக்கு 200 மில்லி என்றால் 60 கிராமுக்கு மேல் சுத்த ஆல்கஹால். அது முதல் பாதி ராத்திரி கனவை அமுக்கி வைக்கும். உடம்பை விட்டு இறங்கும்போது கனவு இரட்டிப்பாகத் திரும்பும். அந்த 3 மணி விழிப்பில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஒருகாலத்தில் மதுக்கடவுள் டயோனிசஸ் உங்களைக் குடிக்க வைத்துத்தான் ஒலிம்பஸுக்குத் திரும்ப அழைத்துப் போனார். மதுவின் மேல் உங்களுக்கு ஒரு நம்பிக்கை இருப்பது புரிகிறது. ஆனால் இந்த உடம்பில் அது வேறு வேலை செய்கிறது. காலையில் கை நடுக்கம், வேர்வை இருக்கிறதா? இருந்தால் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம்; டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால் வாரத்துக்கு 50 மில்லி குறையுங்கள். கடைசி மிடறு படுப்பதற்கு 4 மணி நேரம் முன்பு முடிந்திருக்கட்டும். 3 மணிக்கு விழித்தால், 20 நிமிடத்துக்கு மேல் புரளாமல் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள்.

கோயிலுக்குப் போவதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். மாதம் ஒரு ஞாயிறு போங்கள். மற்ற ஞாயிறுகளில் பெராமாவிலிருந்து எதிரே சலாமினா தீவுக்கு ஃபெர்ரி இருக்கிறது. கூட வேலை செய்யும் யாரையாவது அழைத்துக்கொண்டு கடலைத் தாண்டிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கோயிலுக்குப் போகும் நாளில் இதையும் நினைத்துப் பாருங்கள்: அது இன்று கூரையோடு நிற்பதற்கு முக்கியக் காரணம், 7-ஆம் நூற்றாண்டு முதல் 1834 வரை செயின்ட் ஜார்ஜ் சர்ச்சாகப் புழக்கத்தில் இருந்ததுதான். உங்கள் பெயர் போன பிறகும் அதற்கு வேலை இருந்தது.

அப்பா, அம்மா விஷயத்தை இப்போது தொட வேண்டாம். தூக்கம் திரும்பட்டும்.

அந்தப் பையனைத் திரும்பக் கூப்பிடுங்கள். உங்களை அவன் கூப்பிடும் 'மாஸ்தோரா'வும் எங்கள் ஊர் 'மேஸ்திரி'யும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்த சொற்கள். தலைவன், கற்றுக்கொடுப்பவன் என்பதுதான் அந்த லத்தீன் சொல்லின் பொருள். உங்களுக்கே நாக்ஸோஸ் தீவில் கெடாலியன்தான் கொல்லுவேலை சொல்லிக்கொடுத்தார் என்று ஒரு பழங்கதை உண்டு. தவிர, நடக்கும்போது தாங்கிக்கொள்ளப் பொன்னால் பெண்களைச் செய்து வைத்திருந்தவர் நீங்கள். சாய்ந்துகொள்ள ஆள் தேவைப்படுவது உங்களுக்கு மனிதனான பிறகு வந்த குறை கிடையாது.

பையனுக்கு முதல் வாரம் ஆர்க் கொடுக்க வேண்டாம். ராடு அடுப்பின் பொறுப்பைக் கொடுங்கள்: எத்தனை மணிக்கு எந்தப் பெட்டி வெளியே வந்தது, எத்தனை ராடு திரும்பியது என்று அவன் எழுதி வைக்கட்டும். உங்கள் காலுக்கு ஒரு கைத்தடியும் வேண்டும்; அதை வாங்கப் போகும்போதும் அவனையே கூட்டிப்போங்கள். செருப்புடன் நேராக நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்துக்கு வர வேண்டும். அதை இன்னொருவர்தான் அளந்து பார்க்க முடியும். வலது கால்தான் அதிகம் என்பதால் தடியை இடது கையில் பிடியுங்கள்.

4 வாரம் கழித்து அந்த நோட்டின் பக்கங்களைப் பிரதியெடுத்து அனுப்புங்கள். சோதனைத் தகட்டின் எக்ஸ்ரே என்ன சொன்னது என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்