முதுகில் நீர் எடுத்தால் கால் விளங்காமல் போய்விடுமா?

கேள்வி: 28 வயதான என் தம்பிக்கு இரண்டு வாரங்களாகக் காய்ச்சலும் தலைவலியும் வாந்தியும் இருந்ததால் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். தலையில் எடுத்த சி.டி. ஸ்கேனில் கோளாறு ஏதுமில்லை. மூளைக் காய்ச்சலாக இருக்கலாம் என்று சொல்லி, முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள். அப்படி எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் போதாதா, டாக்டர்?

பதில்: கையெழுத்துப் போடுங்கள் என்று உங்களுக்கு உடனே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே அச்சத்தில் பல குடும்பங்கள் நாள்களைக் கடத்திவிடுவதால், காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் திரவம், வளர்ந்தவர்களின் உடலில் ஏறத்தாழ 150 மி.லி. இருக்கும். உடல் இதை நாளொன்றுக்குச் சுமார் 500 மி.லி. அளவுக்குப் புதிதாகச் சுரந்துகொண்டே இருப்பதால், பரிசோதனைக்காக எடுக்கும் 10 மி.லி. அரை மணி நேரத்தில் ஈடாகிவிடுகிறது. தண்டுவடமோ முதலாம் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. ஊசி நுழைவது அதற்கும் கீழே, மூன்றாம், நான்காம் எலும்புகளுக்கு நடுவிலோ நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவிலோதான். அங்கே திரவத்தில் மிதக்கும் நரம்பு வேர்கள் பெரும்பாலும் ஊசிக்கு விலகிக் கொடுத்துவிடும். சிசேரியனுக்கு முதுகில் மயக்க ஊசி போடுவதும் இதே இடத்தில்தான். உங்களைத் தடுக்கும் உறவினர்களிலேயே அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு, பிள்ளை பெற்று, நலமாக நடமாடுகிறவர்கள் இருக்கக்கூடும்.

அப்படியானால் இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? காசநோயால் வரும் மூளைக் காய்ச்சலில் மூளையின் இரத்தக் குழாய்கள் அழற்சியுற்று அடைபடுவதால் பக்கவாதம் வரலாம். தண்டுவடத்தைச் சுற்றியும் அழற்சி பரவிக் கால்கள் செயலிழக்கலாம். நோய் முற்றிய நிலையில் வருபவருக்கு ஊசி குத்தி நீர் எடுத்த மறுநாள் கால் இழுத்துக்கொண்டால், ஊர் பழியை ஊசியின் மேல் போடுகிறது. நோயின் வேலையை ஊசியின் வேலை என்று கருதிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதால்தான், தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் பல நிகழ்கின்றன.

எம்.ஆர்.ஐ. பயனுள்ளதுதான், மூளை உறையின் அழற்சி, மூளைக்குள் நீர் தேங்குதல், காசநோய்க் கட்டி ஆகியவற்றைக் காட்டும். ஆனால், நோயின் தொடக்கத்தில் அதுவும் இயல்பாகத் தெரியலாம்; எந்தக் கிருமி என்பதைப் படம் உறுதியாகச் சொல்லிவிடாது. சிகிச்சையோ கிருமியைப் பொறுத்து முற்றிலும் மாறுகிறது: சாதாரண பாக்டீரியா என்றால் சில வாரங்களுக்குள் முடியும் நோய் எதிர் மருந்து, ஹெர்பிஸ் வைரஸ் என்றால் அசைக்ளோவிர், காசநோய் என்றால் குறைந்தது 9 மாதங்களுக்குக் கூட்டு மருந்தும் தொடக்கத்தில் ஸ்டீராய்டும். திரவத்திலுள்ள அணுக்களின் வகையும், புரதமும், சர்க்கரையும் இவற்றைப் பெருமளவுக்குப் பிரித்துக் காட்டுகின்றன. திரவத்தின் சர்க்கரையை இரத்தச் சர்க்கரையோடு ஒப்பிட வேண்டும் என்பதால், அதே வேளையில் கையிலும் இரத்தம் எடுப்பார்கள்.

உங்கள் தம்பியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, முழங்கால்களை வயிற்றோடு சேர்த்து மடக்கச் சொல்வார்கள். இடுப்பெலும்பின் மேல்விளிம்பைத் தடவிப் பார்த்து இடத்தைக் குறித்து, மருந்தால் துடைத்து, மரத்துப்போக ஊசி போடுவார்கள். அந்த முதல் ஊசிதான் சுருக்கென்று எரியும். பிறகு மெல்லிய ஊசியை உள்ளே செலுத்தி, அதற்குள் இருக்கும் கம்பியை உருவியதும், திரவம் சொட்டுச் சொட்டாகச் சிறு குப்பிகளில் விழும். நடுவில் காலில் மின்சாரம் பாய்ந்தாற்போல் ஒரு வெட்டு வந்தால் அசையாமல் வாயால் சொன்னால் போதும். நரம்பு வேரை உரசிய ஊசியின் திசையை மாற்றிவிடுவார்கள்.

இதில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மூளைக்குள் பெரிய கட்டியோ வீக்கமோ இருக்கும்போது நீர் எடுத்தால் மூளை கீழ்நோக்கி இறங்கிவிடக்கூடும். அந்த ஐயத்தைத் தீர்க்கத்தான் முன்கூட்டியே சி.டி. எடுத்திருப்பார்கள். இரத்தத் தட்டணுக்கள் மிகக் குறைந்திருந்தாலோ, இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிட்டாலோ, குத்தும் இடத்தில் சீழ்ப்புண் இருந்தாலோ இந்தப் பரிசோதனையைத் தவிர்ப்பார்கள் அல்லது தள்ளிவைப்பார்கள். எனவே தம்பி சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் மறவாமல் சொல்லுங்கள். எடுத்த பின் ஓரிரு நாள்களில், எழுந்து உட்கார்ந்தால் கூடுவதும் படுத்தால் தணிவதுமான தலைவலி சிலருக்கு வரும். தண்ணீர், காபி, வலி மாத்திரை ஆகியவற்றிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். குத்திய இடத்தில் சில நாள்கள் வலி இருக்கலாம். காலில் பலக்குறைவோ, சிறுநீர் பிரியாமையோ ஏற்பட்டால் மட்டும் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் எதிர்பார்த்திருங்கள். காசநோய்க்கான சிபிநாட் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தாலும், மற்ற அறிகுறிகளைக் கொண்டு மருத்துவர்கள் காசநோய் மருந்தைத் தொடங்கலாம். திரவத்தில் கிருமிகளின் எண்ணிக்கை மிகக் குறைவாக இருப்பதால் அந்தப் பரிசோதனை சில வேளைகளில் தவறவிடுகிறது. அதைக் காரணமாக வைத்து மருந்தை மறுக்க வேண்டாம்.