அப்பாவின் கண்களும் ஆய்வகத்தின் தாமதமும்

ஐயா,

ரப்பர் மரத்தில் பால் வெட்டி எங்களைப் படிக்கவைத்த அப்பாவுக்கு, விழித்திரையின் நடுப்பகுதி முதுமையால் தேய்ந்து, எதிரில் நிற்பவரின் முகம் தெரிவதில்லை. ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய மூலச் செல்) ஆய்வுகள் ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கின்றன? வயிற்றுக் கொழுப்பிலிருந்து செல் எடுத்து இரு கண்களிலும் ஒரே நாளில் ஊசி போடுவதாக ஒரு கிளினிக் சொல்கிறது. சேமநிதிப் பணத்தை எடுத்துக் கட்டலாமா? கருவின் செல்லைப் பயன்படுத்துவது பாவமா?

வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள தம்பி,

கிளினிக் எடுப்பது கொழுப்பின் செல், கருவின் செல் அல்ல; பாவக் கேள்வி இங்கே எழவே இல்லை. பணத்தைக் கட்டாதீர்கள். 2015இல் ஃபுளோரிடாவில் இதே ஊசியை இரு கண்களிலும் போட்டுக்கொண்ட மூன்று பெண்கள், ஆளுக்கு 5,000 டாலர் கொடுத்து, இருந்த பார்வையையும் பறிகொடுத்தார்கள்.

தாமதத்தைப் பற்றித்தான் நானும் யோசித்துவருகிறேன். 2014 செப்டம்பரில், ஜப்பானின் கோபே நகரில் கண் மருத்துவர் மசாயோ தகாஹாஷியின் குழு, எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்ணின் தோல் செல்களை ஸ்டெம் செல்களாக மாற்றி, அவற்றிலிருந்து விழித்திரையைத் தாங்கும் நிறமிப் படலத்தை வளர்த்து, ஒரே ஒரு கண்ணில் பதித்தது. ஓராண்டு கழித்தும் பார்வை கூடவில்லை, குறையவும் இல்லை. அடுத்த நோயாளிக்காக வளர்த்த செல்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டபோது, உலகமே பார்த்துக்கொண்டிருந்தும், அறுவையை நிறுத்தினார்கள். நிறுத்தத் தெரிந்தவர்களிடம் மட்டுமே கண்ணை ஒப்படைக்கலாம் என்பேன். உங்கள் கிளினிக் இதுவரை யாரையாவது திருப்பி அனுப்பியிருக்கிறதா என்று கேட்டீர்களா?

என் பெரியப்பாவுக்கு, ரப்பர் ஸ்டோரில் பால் உறையவைக்கும் ஆசிட் ஒரு கண்ணில் தெறித்தது. உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்க வேண்டும். லயத்து மக்களோ நந்தியாவட்டைச் சாற்றை விட்டார்கள். அன்பினால்தான் விட்டார்கள். கருவிழி வெளுத்து மூடியது. அத்தகைய கண்ணுக்குத்தான் இன்று ஸ்டெம் செல் உண்மையாகவே உதவுகிறது. இத்தாலியில் கிராசியெல்லா பெல்லெக்ரினியும் மிக்கேலே தெ லூகாவும் நல்ல கண்ணின் கருவிழி விளிம்பிலிருந்து சிறிது திசுவை எடுத்து, வளர்த்து, வெந்த கண்ணில் ஒட்டும் முறையை உருவாக்கினார்கள். முதல் இரு நோயாளிகளைப் பற்றி அவர்கள் எழுதியது 1997இல்; 112 பேரின் முடிவுகள் வெளிவந்தது 2010இல், நான்கில் மூன்றுக்கும் மேற்பட்ட கண்கள் தெளிந்திருந்தன; ஐரோப்பிய ஒப்புதல் கிடைத்தது 2015இல். நோயாளிகளைத் தொடர்ந்து பார்ப்பதும் அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் அடக்கம். பெரியப்பா அதற்கு வெகுமுன்பே போய்விட்டார்.

ஆனால் அது கண்ணின் மேற்பரப்புக்கான சிகிச்சை, அப்பாவுக்கு உதவாது. அவருக்கு வந்திருப்பது ஈர வகையா, உலர் வகையா என்று நீங்கள் எழுதவே இல்லை. கேட்டறியவும் இல்லை போலும். சேமநிதியை எடுக்கத் துணிந்த பிள்ளை இதைக் கேட்காமல் விட்டது எனக்குக் கோபமூட்டுகிறது. ஈர வகையானால், ஒழுகும் இரத்தக்குழாய்களை அடக்கும் மருந்தூசி இப்போதே உண்டு, அதில்தான் தாமதம் கூடாது. இந்த வாரமே அவரை ஈப்போ பொது மருத்துவமனைக் கண் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.